சிப் டெஸ்டர்: வாங்குவதா, நாமே செய்வதா?

போன வருடம் தாம்பரம் பக்கம் ஒரு காயலான் கடையில் எடைக்குப் போகவிருந்த எக்ஸ்டி குளோன் (ஐபிஎம்மின் பழைய பிசி எக்ஸ்டியின் நகல்) ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பவர் போட்டால் ஃபேன் சுற்றும். திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தம்கூடக் கிடையாது. மெமரிதான் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, முதல் மெமரி பேங்கில் சால்டர் செய்திருந்த 9 சிப்பையும் கழற்ற உட்கார்ந்தேன். ஒரு சிப்புக்கு 16 கால், ஆக 144 கால். கையில் இருந்தது சால்டரை உறிஞ்சும் சாதா சக்கர்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, போர்டில் இரண்டு செப்புப் பேட் பிய்ந்துகொண்டு வந்தன. எல்லாவற்றையும் டெஸ்டரில் வைத்துப் பார்த்தால் ஒன்பதும் பாஸ்! மெமரிக்கு முகவரியை மாற்றி மாற்றி அனுப்பும் 74எல்எஸ்158 ஒன்றுதான் செத்துப் போயிருந்தது. அது பக்கத்திலேயே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"பழைய கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு எந்த சிப் டெஸ்டர் வாங்கலாம் சார்?" என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். "இந்தச் சிப் நல்லதா?" என்ற கேள்விக்கு மட்டும்தான் டெஸ்டர் பதில் சொல்லும். "எந்தச் சிப்?" என்பதை விரலும் மல்டிமீட்டரும் லாஜிக் புரோபும் (காலில் இருப்பது 0-வா 1-ஆ என்று காட்டும் கருவி)தான் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் ஷார்ட் ஆன சிப் கையைச் சுடும். சந்தேகப்படும் மெமரி சிப்பின் முதுகில் அதே வகை நல்ல சிப்பை ஏற்றி, கால்கள் ஒட்டும்படி அழுத்திப் பிடித்தால் சில சமயம் மெஷின் எழுந்துவிடும். உள்ளே அறுந்துபோன சிப்புக்குத்தான் இந்த வித்தை பலிக்கும். வெளியீடு ஒரே நிலையில் சிக்கிக்கொண்ட சிப் என்றால் மேலே உள்ள நல்ல சிப்போடு அது மல்லுக்கட்டும், நமக்கு ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் டெஸ்டரின் முறை வருகிறது.

சரி, எதை வாங்குவது என்பது நம் மேசைக்கு என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. சென்னையில் எனக்கு அதிகம் வருவது பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் கழித்துக் கட்டிய 8085 கிட்டுகள், அதாவது 8085 மைக்ரோபிராசசரைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி போர்டுகள். அதில் 8255, 8253, 8279 என்ற துணைச் சிப்புகள், கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் (புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதும் ரோம்), 6116 அல்லது 6264 ரேம், சுற்றிலும் 74 என்று தொடங்கும் சின்ன லாஜிக் சிப்புகள் (74 சீரிஸ்) இருக்கும். அடுத்தது எக்ஸ்டி குளோன்கள். அபூர்வமாக ஒரு பிபிசி மைக்ரோ. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குப் போனது அந்த மெஷின்தான், இன்னும் ஏதாவது ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும். அதைவிட அபூர்வம் ஸ்பெக்ட்ரமும் ஆப்பிள் II வகையறாவும். உங்கள் பட்டியலில் கமோடோர் 64 முதலில் நின்றால், நான் கீழே சொல்லும் வரிசை உங்களுக்குப் பொருந்தாது.

முதல் வழி, ஈப்ராமைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியையே டெஸ்டராகவும் பயன்படுத்துவது. டிஎல்866II பிளஸ், அதற்குப் பின் வந்த டி48 இரண்டிலும் 74 சீரிஸ், 4000 சீரிஸ் சிப்புகளைச் சோதிக்கும் வசதி உண்டு. ஸ்டாட்டிக் ரேமையும் பார்க்கும். பட்டியலில் இல்லாத சிப்புக்கு உண்மை அட்டவணையை (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற பட்டியலை) நாமே எழுதிச் சேர்க்கலாம். ஆனால் நான் இதை வாங்கியது டெஸ்டருக்காக இல்லை, ரோமுக்காக. 8085 கிட் எது வந்தாலும் முதல் வேலையாக அதன் மானிட்டர் (கிட்டை இயக்கும் அடிப்படைப் புரோகிராம்) இருக்கும் ஈப்ராமைப் படித்துக் கோப்பாகச் சேமித்துவிடுவேன். ரேம் போனால் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வேறு வாங்கலாம். அந்த மானிட்டர் புரோகிராம் போனால் அந்தக் கிட்டே போனது மாதிரி. ஜன்னல் ஸ்டிக்கர் உரிந்த ஈப்ராம் நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அழிந்துவிடலாம் என்று தயாரிப்பாளரின் தகவல் ஏட்டிலேயே போட்டிருக்கிறது. காலேஜ் மொட்டை மாடியில் கழிவுப் பொருளோடு கிடந்த கிட் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது மட்டும் வோல்டேஜைக் கவனிக்க வேண்டும். 2716-க்கு 25 வோல்ட், பழைய 2764-க்கு 21, 27சி64-க்கு 12.5. டிஎல்866II பிளஸ் 18 வோல்ட்டோடு நின்றுவிடும், டி48 25 வரை போகும். படிக்க மட்டும் என்றால் இரண்டும் ஒன்றுதான்.

இதன் குறை டைனமிக் ரேமில் (அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் எழுதியதை மறந்துவிடும் மெமரி வகையில்) தெரியும். 4116, 4164 எல்லாம் இதன் வேலை இல்லை. அப்புறம் லாஜிக் சோதனையும் மெதுவான, சுமை இல்லாத சோதனை. உள்ளீட்டில் 0, 1 கொடுத்து வெளியீட்டில் வரவேண்டியது வருகிறதா என்று மட்டும் பார்க்கும். போர்டில் 74எல்எஸ்245 மாதிரி ஒரு சிப் எட்டுப் பத்து சிப்புகளை இழுக்க வேண்டியிருக்கும். இங்கே அதற்கு அந்தப் பாரம் கிடையாது. ஃபெயில் என்று காட்டினால், காலைச் சுத்தம் செய்து இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டு நம்பிவிடுவேன். பாஸ் என்றால் பாதிதான் நம்புவேன்.

காலைச் சுத்தம் செய்வது என்றேன் அல்லவா, அதைச் சும்மா சொல்லவில்லை. இந்த ஊர் ஈரத்துக்கும் உப்புக் காற்றுக்கும் சிப்பின் கால் கறுத்துவிடும், ஐசி பேஸின் (சிப்பைச் செருகும் சாக்கெட்டின்) உள்பல் துருப்பிடித்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்திலிருந்து வரும் போர்டு என்றால் டெஸ்டரை எடுப்பதற்கு முன், பேஸில் உள்ள எல்லாச் சிப்பையும் நெம்பி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். என் அனுபவத்தில் கணிசமான மெஷின்கள் அதிலேயே எழுந்துவிடும்.

இரண்டாவது வழி, காலேஜ் லேபில் இருக்கும் டிஜிட்டல் ஐசி டெஸ்டர். கீபேடில் 7400 என்று தட்டினால் பாஸ் அல்லது ஃபெயில் என்று காட்டும் பெட்டி. நம்மில் பலர் முதன்முதலாகப் பார்த்த டெஸ்டர் அதுதான். பழையது மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடலாம், கம்ப்யூட்டர் தேவையில்லை என்பது வசதி. புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன். கையடக்கமாக, சிப்பின் நம்பரைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் சின்னக் கருவிகளும் இப்போது வருகின்றன. நம்பர் அழிந்த சிப்புகள் டப்பா நிறைய இருந்தால் அது உதவும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, நாமே செய்வது. இங்கேதான் ஆர்வக்கோளாறில் பலரும் தவறான பக்கம் போகிறார்கள். ஆர்டுவினோ மெகா (நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோலர் போர்டு) ஒன்றை வாங்கி 74 சீரிஸ் முழுவதற்கும் டெஸ்டர் கட்டலாம் என்று கிளம்புவார்கள். நானும் கிளம்பினேன். முதல் இடறல், எல்லாச் சிப்புக்கும் பவர் மூலைக் கால்களில் வராது. 7490-க்கு 5-ஆம் காலில் 5 வோல்ட், 10-ஆம் காலில் கிரவுண்ட். 7476-க்கு 5-உம் 13-உம். ஆகவே ஒவ்வொரு காலுக்கும் பவரை மாற்றிவிட டிரான்சிஸ்டர் வைக்க வேண்டும். அடுத்தது, 74எல்எஸ் சிப்பின் 'ஹை' 2.7 வோல்ட் வரை இறங்கினாலும் அது விதிப்படி நல்ல சிப்தான். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுவினோவின் சிப் 3 வோல்ட் வந்தால்தான் உறுதியாக 'ஹை' என்று எடுத்துக்கொள்ளும். பாரம் இல்லாதபோது எல்எஸ் வெளியீடு மூன்றுக்கு மேல்தான் நிற்கும் என்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம். அதற்கும் மேல், நூற்றுக்கணக்கான சிப்புகளுக்கு உண்மை அட்டவணையை யார் உட்கார்ந்து தட்டுவது? கடையில் கிடைக்கும் டெஸ்டரில் அதெல்லாம் தயாராக இருக்கிறது. 74 சீரிஸுக்காக டெஸ்டர் கட்டுவது, இட்லி மாவு வாங்கக் கிடைக்கும் தெருவில் நெல் விதைப்பது மாதிரி.

டைனமிக் ரேம் கதையே வேறு. கடைச் சரக்கு கைவிடும் இடம் அது, நாமே செய்வது சுலபமான இடமும் அதுதான். 4164-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிக்கு 8 கோடு, உள்ளே போகும் டேட்டா, வெளியே வரும் டேட்டா, எழுதும் கோடு, ராஸ், காஸ் (முகவரியின் வரிசைப் பாதியும் நெடுக்கைப் பாதியும் வந்ததைச் சொல்லும் இரண்டு கோடு), மொத்தம் 13. ஆர்டுவினோவிலேயே சின்ன போர்டான ஊனோ ஒன்று போதும். 0 முதல் 7 வரையிலான கால்களில் முகவரி, 8 முதல் 12 வரை மற்ற ஐந்தும். 13-இல் ஏற்கெனவே எல்இடி இருக்கிறது, அதையே பாஸ் விளக்காக வைத்துக்கொள்ளலாம். 41256-க்கு ஒன்பதாவது முகவரிக் கோடு வேண்டும், அதை ஏ0-இல் போடலாம். 16 கால் ஜிஃப் சாக்கெட் (நெம்புகோலைத் தூக்கினால் சிப்பைச் சுலபமாக எடுக்கலாம்) ஒன்று, சிப்பின் பவர் காலை ஒட்டி 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பவரை நிறுத்தப் போட ஒரு சுவிட்ச். எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். 0, 1 கால்கள் யுஎஸ்பியோடும் இணைந்தவை. புரோகிராமை ஏற்றும்போது ஜிஃப்பில் சிப் இருக்கக்கூடாது.

புரோகிராம் எழுதும்போது இரண்டு விஷயத்தில் கோட்டை விடலாம். முதலாவது வேகம். ஆர்டுவினோவின் வழக்கமான 'டிஜிட்டல்ரைட்' கட்டளை ஒரு காலை மாற்ற நான்கு மைக்ரோ செகண்டுக்குப் பக்கத்தில் எடுக்கும். எட்டு முகவரிக் கோட்டுக்கு 32 மைக்ரோ செகண்ட், 128 வரிசைக்கு 4 மில்லி செகண்டுக்கு மேல். 4164-இல் 128 வரிசையையும் 2 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்பது விதி. அதனால் போர்ட்டுக்கு (கால்களின் தொகுப்புக்கு) நேரடியாக எழுத வேண்டும். முகவரி எட்டையும் ஒரே போர்ட்டில் வைத்தது அதற்காகத்தான், ஒரே கட்டளையில் எட்டும் மாறும். கூடவே, வரிசை முகவரியை உள் சுற்றிலும் நெடுக்கை முகவரியை வெளிச் சுற்றிலும் வைத்தால், சோதனை ஓடும்போதே எல்லா வரிசையும் புதுப்பிக்கப்பட்டுவிடும். ரெஃப்ரெஷுக்குத் தனி வேலை இல்லை. பவர் வந்ததும் 200 மைக்ரோ செகண்ட் பொறுத்து, ராஸை எட்டு முறை ஆட்டிவிட்டு ஆரம்பிக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது, சோதனையின் வகை. எல்லா இடத்திலும் 0 எழுதி 0 படித்தேன், 1 எழுதி 1 படித்தேன், பாஸ் என்று சொன்னால் அது சோதனையே இல்லை. ஒரு முகவரிக் கோடு உள்ளே செத்திருந்தால் பாதி மெமரி காணாமல் போயிருக்கும், ஆனாலும் இந்தச் சோதனை பாஸ் என்றே சொல்லும். அணிவகுப்பு மாதிரி ஒவ்வொரு இடமாக நடந்து போகும் 'மார்ச்' முறைதான் வேண்டும். முதலில் எல்லாவற்றிலும் 0 எழுதிவிட்டு, கீழிருந்து மேலே ஒவ்வொரு இடமாக '0 படி, உடனே 1 எழுது' என்று போக வேண்டும். இரண்டு முகவரி ஒரே இடத்தைக் காட்டினால், இரண்டாவது முறை வரும்போது 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 நிற்கும், மாட்டிக்கொள்ளும். பிறகு '1 படி, 0 எழுது', அப்புறம் மேலிருந்து கீழாக அதே இரண்டும். 65,536 இடத்துக்கும் சில நொடிதான்.

இந்த ஊனோவாலும் சிப்பின் வேகத்தை அளக்க முடியாது. அதன் ஒரு துடிப்பே 62.5 நானோ செகண்ட். 150 நானோ செகண்ட் என்று அச்சிட்ட சிப் 190-இல் பதில் சொல்கிறது என்றால் இதற்குத் தெரியாது. ஆனால் சூட்டைச் சோதிக்கலாம். டைனமிக் ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம், சூடு ஏற ஏற அது சீக்கிரம் கசியும். ஏசி அறையில் பாஸ் ஆன சிப் மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் ஃபெயில் ஆவது இதனால்தான். எழுதிவிட்டு ரெஃப்ரெஷ் மட்டும் ஓட்டிக்கொண்டே ஒரு நிமிடம் ஹேர் டிரையர் காட்டி, பிறகு படித்துப் பார்ப்பேன். ரிச்சி தெருவில் 20 எண்ணம் 4164 வாங்கினேன். சும்மா வைத்ததில் மூன்று ஃபெயில். ஹேர் டிரையருக்குப் பிறகு இன்னும் இரண்டு.

4116 கைக்கு வந்தால் ஊனோவை அப்படியே பயன்படுத்தக்கூடாது. ஸ்பெக்ட்ரமின் முதல் 16 கேயும் ஆப்பிள் II-உம் இதைப் பயன்படுத்தியவை. இதற்கு மூன்று மின்சாரம்: +12, +5, −5. −5 தான் முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். +12 இருக்கும்போது −5 இல்லாவிட்டால் சிப் செத்துவிடும். ஸ்பெக்ட்ரமில் பவர் பகுதியின் டிரான்சிஸ்டர் போனால் கூடவே மெமரியும் போவது இப்படித்தான். இன்னொரு கண்ணி, 4116-க்கு 8-ஆம் காலில் 12 வோல்ட், 4164-க்கு அதே 8-ஆம் காலில் 5 வோல்ட். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி 16 கால் சிப். மாற்றிச் செருகினால் 4164-க்குச் சமாதிதான். 4116-க்கென்று தனி ஜிஃப், சிவப்பு பெயிண்ட் அடித்து வையுங்கள். −5-ஐ 7660 சிப் ஒன்றால் எடுக்கலாம், +12-க்குச் சின்ன பூஸ்ட் மாட்யூல் போதும், அந்த 12-ஐ −5 வந்த பிறகே திறக்கும்படி ஒரு மாஸ்ஃபெட். பிபிசி மைக்ரோவில் இந்தத் தலைவலி இல்லை. அதில் உள்ள 16 மெமரி சிப்பும் 4816, வெறும் 5 வோல்ட். 4164 சுற்றில் ஒரு முகவரிக் கோட்டைக் குறைத்துக்கொண்டால் ஆயிற்று.

நான்காவது வழி, ஜெர்மனியிலிருந்து வரும் ரெட்ரோ சிப் டெஸ்டர் புரொஃபஷனல் கிட். மெகாவில் இருக்கும் அதே ஏடிமெகா2560-ஐ வைத்துச் செய்தது, நாமே சால்டர் செய்துகொள்ள வேண்டும். 4116-இன் மூன்று மின்சாரம் உட்பட பழைய மெமரி வகைகளுக்காகவே யோசித்துக் கட்டியது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுங்க வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது விலையைக் கேட்டால் தலை சுற்றும். மாதம் நான்கைந்து மெஷின் பார்க்கிறவருக்கு, அதுவும் விதவிதமான மெமரி வருகிறவருக்கு அது சரி. எனக்கு வருடத்துக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் வந்தால் அதிகம். அந்த ஒன்றுக்கு இது வேண்டியதில்லை.

பெரிய சிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிபிசி மைக்ரோவின் வீடியோ யுஎல்ஏவுக்கு (திரைப் படத்துக்காகவே தனியாகச் செய்த சிப்புக்கு) மேலே சொன்ன எதையும் நான் நம்ப மாட்டேன். ஓடுகிற இன்னொரு பிபிசி மைக்ரோதான் அதற்கு டெஸ்டர். அதனால் செத்த போர்டானாலும் எடைக்குப் போடாதீர்கள். 8255-க்கு மட்டும் மெகாவை எடுப்பேன். பவரும் கிரவுண்டும் போக 38 கால், மெகாவில் 54 கோடு. 80 என்ற ஹெக்ஸ் எண்ணை எழுதினால் மூன்று போர்ட்டும் வெளியீடாகும். எழுதியது காலில் வருகிறதா என்று பார்க்கலாம். 9பி எழுதினால் மூன்றும் உள்ளீடு, கொடுத்தது படிக்க வருகிறதா என்று பார்க்கலாம். 26-ஆம் காலில் பவர், 7-ஆம் காலில் கிரவுண்ட், அதை மட்டும் மறந்துவிடக் கூடாது. 8085 கிட்டில் மாணவர்கள் வெளியே வயர் கொடுத்து விளையாடியது இந்தச் சிப்பின் மீதுதான் என்பதால் இந்த அரை நாள் வேலை வீண் போகாது.

ஆக, கையில் பணம் வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு என் வரிசை இது. முதலில் நல்ல டீசால்டரிங் கன், டெஸ்டருக்கு முன்னால். சக்கரை வைத்துக்கொண்டு சிப்பை முழுசாக எடுப்பது கஷ்டம். போர்டைக் காப்பாற்றக் காலை வெட்டி எடுத்தால், வெட்டிய சிப்பை எந்த டெஸ்டரில் வைப்பது? அடுத்து டி48. அதன் பிறகு ஒரு வார இறுதியில் ஊனோ டெஸ்டர். எக்ஸ்டி, கமோடோர் மாதிரி டைனமிக் ரேம் மெஷின் மட்டுமே வைத்திருப்பவர் பின்னிரண்டையும் மாற்றிக்கொள்ளலாம், செலவும் குறையும்.

அந்த ஊனோவைச் சின்ன டிபன் டப்பாவுக்குள் அடைத்து, பவர் பேங்க் போட்டு, இப்போதெல்லாம் ரிச்சி தெருவுக்கே எடுத்துக்கொண்டு போகிறேன். மேல் எழுத்தைச் சுரண்டிப் புது நம்பர் அடித்த சிப், வேறு போர்டிலிருந்து உருவிய சிப் எல்லாம் அங்கே புதிது என்ற பெயரில் வரும். வீட்டுக்கு வந்து திட்டுவதைவிடக் கடையிலேயே பார்த்துவிடலாம். முதல் தடவை கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "நாங்க செக் பண்ணித்தான் சார் குடுக்கறோம்." பத்தில் இரண்டை ஒதுக்கி அவர் முன்னால் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் சிப் அடைத்த இன்னொரு டியூபை எடுத்துக்கொண்டு வந்து, "இதையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்" என்றார்.